மதகோடு முடிந்த வாய்க்கால்

பெருமாள் ஐயா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு கேக்கைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பிறகு வலது கையை மட்டும் எடுத்து, கேக்கில் படாமல் ஓர் அங்குல உயரத்தில் சுட்டுவிரலை நீட்டினார். குளத்தில் தொடங்கினார். தண்ணீர் திறந்துவிடும் துருசைத் தாண்டினார். வாய்க்கால் வழியே விரல் மெல்ல மெல்ல வந்தது. முதலாவது கிளை, இரண்டாவது கிளை, மூன்றாவது கிளை. மதகடிக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.

அதற்கு அப்பால் கேக் இல்லை. வெள்ளித்தாள் ஒட்டிய பலகையின் விளிம்புதான் இருந்தது.

அந்த விரல் ஏன் நின்றது என்று அந்த வீட்டில் கூடியிருந்த அத்தனை பேருக்கும் விளங்கிவிட்டது. விளங்காமல் நின்றவள் நான் ஒருத்திதான். மதகின் கைப்பிடிச் சுவராக வைத்திருந்த வேஃபர் ஒன்று சற்றுச் சரிந்திருந்தது. அதை யாரும் பார்க்காமல் எப்படி நிமிர்த்துவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கேக்கைச் செய்தவள் நான். பெருமாள் ஐயாவுக்கு அன்று எழுபது வயது. அவர் மகள் தனலெட்சுமி என் சிநேகிதி. கேக் கேட்டது அவள்தான்.

சும்மா இராத கை

போன வாரம் இந்தப் பத்தியில் தையல் மெசின் கேக்கைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, அக்கராயனில் இருக்கும் என் மச்சாள் தொலைபேசி எடுத்தாள். உனக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டாள். இருக்கிறது. காலையில் முன்பள்ளியில் இருபத்திரண்டு பிள்ளைகள். வீட்டுக்கு வந்தால் கோழிகள், நெல் மூடைகள், ஒரு புருசன். ஆனாலும் என் கை சும்மா இராது. பிரசங்கம் கேட்கப் போனாலும் சேலைத் தலைப்பைச் சுருக்கி ரோசாப்பூ செய்துகொண்டிருப்பேன்.

மச்சாள் மகனுக்கு உழவு மெசின் கேக் செய்த கதையை அவளே மறந்திருக்க மாட்டாள். எங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோய் இறக்குவதற்குள் பின் சில்லு இரண்டும் கேக்குக்குள் புதைந்துவிட்டன. நான் அழாத குறை. அவள் புருசன் வந்து பார்த்துவிட்டு, எங்கட வயலில நிக்கிற மாதிரியே இருக்கு, இழுக்க இன்னொரு மெசின் வேணும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மூன்று நாள் சிரிக்கவில்லை.

சண்டை முடிந்து மீளக் குடியேறி வந்த புதிதில் மின்சாரம் இல்லை. அலுமினியச் சட்டியில் மணல் பரப்பி, உள்ளே தட்டை வைத்து, மூடிமேல் தணல் போட்டுத்தான் என் முதல் கேக்கைச் சுட்டேன். அடி கருகிப் போனது. கருகியதைச் சுரண்டிவிட்டு மேலே தடிப்பாக ஐசிங் பூசினேன். யாருக்கும் தெரியவில்லை. எதையும் ஐசிங் பூசி மறைக்கலாம் என்ற கெட்ட பழக்கம் அன்றைக்குத்தான் எனக்குப் பிடித்திருக்க வேண்டும்.

காசுக்குச் செய்வதில்லை. சொந்தக்காரர், சிநேகிதர், அவ்வளவுதான். கேக் கேட்டால் முதலில் அந்த ஆளை மூன்று நாள் மனதில் வைத்துக்கொண்டு திரிவேன். எப்படி நடக்கிறார், எதைத் தொட்டுக்கொண்டு கதைக்கிறார், எதற்குக் கோபிக்கிறார் என்று யோசித்து முடித்த பிறகுதான் பென்சிலை எடுப்பேன். பெருமாள் ஐயா விசயத்தில் அதைச் செய்யவில்லை. குளம் என்று தனம் சொன்னவுடன் எனக்குக் கை துடிக்கத் தொடங்கிவிட்டது.

டொக், டொக்

தனமும் நானும் அப்போது பதினொரு வருடமாக ஒரே முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தோம். அவள் வீடு வாய்க்காலின் கடைசியில். எங்கள் வீடு குளத்துப் பக்கம். இரண்டுக்கும் நடுவில், வாய்க்காலுக்கு மேலே பாலம்போல ஒரு மதகு. அந்த மதகில் ஒரு கொங்கிரீட் பலகை ஆடும். சைக்கிள் ஏறினால் முன்சில்லுக்கு ஒரு டொக், பின்சில்லுக்கு ஒரு டொக். எங்கள் குசினிவரை கேட்கும். காலை ஏழரைக்கு அந்தச் சத்தம் கேட்டால் தனம் வருகிறாள் என்று சோற்றுப் பெட்டியை மூடுவேன். இருவரும் சேர்ந்து போவோம்.

மத்தியானம் பிள்ளைகள் போன பிறகு ஒரே மர வாங்கில் அருகருகே இருந்து சாப்பிடுவோம். என் சம்பல் அவளுக்கு, அவளுடைய ரொட்டி எனக்கு. அவள் அப்பாவின் கதை முழுவதையும் அந்த வாங்கில் இருந்துதான் கேட்டேன். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே தமிழருக்கு எதிராக அடிதடி வந்தபோது ஒரு துணிமூட்டையோடு வன்னிக்கு வந்து சேர்ந்தவர். அப்போது எங்கள் குளத்துக்கு வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கூலிக்குப் போனார். வாய்க்கால் முடிந்த இடத்தில் காடு வெட்டிக் குடியிருந்தார். அந்தக் காணிதான் இன்றைக்கும். வாய்க்காலின் கடைசி அரைக் கட்டைத் தூரம் தன் மண்வெட்டியால் வெட்டியது என்று சொல்வாராம்.

என் அப்பா குடாநாட்டிலிருந்து வந்தவர். குடியேற்றத் திட்டத்தில் குளத்துக்குக் கிட்ட காணி கிடைத்தது. அவரோ நானோ ஒரு கூடை மண்கூட அள்ளவில்லை. துருசு திறந்தால் முதலில் நனைவது எங்கள் வரம்பு. குளத்தின் பெயரை வேண்டுமென்றுதான் எழுதவில்லை. எழுதினால் நாலு பேர் வீட்டு வாசலுக்கு வருவார்கள். என் கணவர் வேறு, தண்ணீர்ப் பங்கீட்டை எழுதும் கமக்காரர் அமைப்பின் செயலாளர்.

பங்குனி மாதம், ஒரு மத்தியானம். தனம் ரொட்டியைப் பிய்த்தபடி கேட்டாள்.

"அப்பாவுக்கு இந்த முறை ஒரு கேக் வெட்டோணும் வதனி. குளமும் வாய்க்காலும் வயலும் வச்சுச் செய்வியே?"

பெருமாள் ஐயா எந்த நாளில் பிறந்தார் என்று யாருக்கும் தெரியாது. அடையாள அட்டையில் யாரோ போட்ட ஒரு திகதி இருந்தது. அதை வைத்து அதுவரை அவர் வீட்டில் பாயாசம்கூடக் காய்ச்சியதில்லை. இந்த முறை மட்டும் ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். நான் அதற்குள் நீல நிறத்துக்கு எத்தனை சொட்டு என்று கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

கலண்டர்த் தாளின் பின்பக்கம்

அன்று பின்னேரமே கலண்டரில் மாசித் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் வரைந்தேன். குளக்கட்டுக்கு பிஸ்கற்றுத் தூள். தண்ணீருக்கு நீல பட்டர் ஐசிங், மேலே மினுக்கத்துக்கு மெல்லிய ஜெலி. நெல்லுக்குப் புல்லுப்போல ஐசிங் பிழியும் குழாய். குளக்கட்டில் இரண்டு மருத மரம், ஒரு கொக்கு. கொக்குக்கு மூன்று முறை கழுத்து முறிந்தது. இரவு சோறு பிந்தியது.

வாய்க்காலில் எத்தனை கிளை என்று அவரிடம் கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அமைப்பின் செயலாளர் அல்லவா.

"முதலாவது எங்கட. ரெண்டாவது கோயிலடி. மூண்டாவது பள்ளிக்கூடத்தடி. பிறகு மதகு."

"பிறகு?"

"பிறகென்ன, அங்கால அவையின்ர பக்கம்."

நான் மதகை வரைந்தேன். பென்சிலைக் கீழே வைத்தேன். படம் நிறைவாக இருந்தது.

ஒரு நியாயமும் என் பக்கத்தில் இருந்தது. பதினாறு அங்குலத்துக்கு மேற்பட்ட பலகை எங்கள் பிரிஜ்ஜுக்குள் போகாது. எங்கேயாவது நிறுத்தத்தான் வேண்டும். குளத்தைச் சிறிதாக்கியிருக்கலாம். கொக்கை விட்டிருக்கலாம். பள்ளிக்கூடத்தடி வயலைப் பாதியாக வெட்டியிருக்கலாம். அப்படியெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. நிறுத்துவதற்கு மதகுதான் இயல்பான இடமாகப் பட்டது.

சனிக்கிழமை முழுவதும் குசினிக்குள் நின்றேன். பதினெட்டு முட்டை. நடுவில் இரண்டு முறை மின்சாரம் போனது. ஐசிங் இளகத் தொடங்க, பாத்திரத்தைக் கிணற்று வாளிக்குள் வைத்துத் தண்ணீரில் இறக்கினேன். நிற்கவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. கிணற்றடிக்கும் குசினிக்கும் எத்தனை தரம் நடந்தேன் என்று எனக்கே தெரியாது. மதகுக்கு வேஃபரைச் சீவிச் சீவிக் கல் கட்டினேன். ஆடுகிற பலகையைக்கூட ஒரு பக்கம் தூக்கலாக வைத்தேன். என் கெட்டித்தனத்தை நானே நின்று பார்த்தேன்.

பின்னேரம் டொக், டொக் என்று கேட்டது. தனம் வந்தாள். பிரிஜ்ஜைத் திறந்து காட்டினேன். அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். குளத்தைப் பார்த்தாள், கொக்கைப் பார்த்தாள், மதகைப் பார்த்தாள். குளிர் போகிறது, மூடப் போகிறேன் என்று நான் சொல்லும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வடிவாயிருக்கு," என்றாள்.

தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டாள். வீட்டில் வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

கண் கேக்கில்

ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு ஓட்டோ வந்தது. கணவருக்கு முல்லைத்தீவில் ஒரு கலியாணம், அவர் அங்கே போய்விட்டார். கேக்கை மடியில் வைத்துக்கொண்டு நான் தனியாக ஏறினேன். பங்குனி வெயிலும் கிரவல் றோட்டும். ஓட்டோக்காரரிடம் மெல்லப் போங்கோ, மெல்லப் போங்கோ என்று சொல்லிச் சொல்லி அவருக்கே வெறுத்துப் போயிருக்கும். ஒரு கட்டத்தில் அவர் இறங்கி நின்று, அக்கா நீங்கள் ஓடுங்கோ, நான் கேக்கைப் பிடிக்கிறன் என்றார்.

மதகு வந்தது. டொக், டொக். ஓட்டோ என்பதால் இன்னொரு டொக்கும் சேர்ந்து கேட்டது.

அந்தச் சத்தத்தை அந்தப் பக்கம் போகும்போது நான் கேட்டது அதுதான் முதல் முறை. பதினொரு வருடம். அவள் எங்கள் வீட்டுக்கு எத்தனை நூறு தரம் வந்திருப்பாள். பொங்கலுக்கு வந்தாள், என் அம்மாவின் செத்த வீட்டுக்கு வந்து மூன்று நாள் நின்று சமைத்தாள். நான் போனதில்லை. போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. போக வேண்டிய வேலை வரவில்லை என்றுதான் அப்போது கேட்டால் சொல்லியிருப்பேன்.

அன்றும் நான் எதையும் பார்க்கவில்லை. வெளியே வாய்க்கால் எப்படி இருந்தது, வயல் எப்படி இருந்தது, ஒன்றும் தெரியாது. என் கண் மடியில் இருந்த குளத்தில் நின்றது. குளக்கட்டில் ஒரு வெடிப்பு வந்திருந்தது. விரலால் அதைத் தடவிக்கொண்டே போனேன்.

கத்தி நுனி

வீட்டில் சனம் நிறைந்திருந்தது. பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு விரித்த மேசை நடுவில் நின்றது. கேக்கை வைத்தேன். சின்னப் பிள்ளைகள் கொக்கு, கொக்கு என்றார்கள். என் நெஞ்சு அப்போதுதான் கொஞ்சம் ஆறியது.

பெருமாள் ஐயா வெள்ளைச் சாரமும் புதுச் சட்டையுமாக வந்தார். சட்டை மடிப்பு இன்னும் கலையவில்லை. சுற்றி நடந்தார். விரலை நீட்டினார். விரல் வந்து மதகடியில் நின்றது. இதைத்தான் தொடக்கத்தில் சொன்னேன்.

"இதுக்கு அங்கிட்டு எங்கங்க டீச்சர்?" என்று கேட்டார். கோபமே இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்பவரின் குரல்.

"பலகை முடிஞ்சு போச்சு ஐயா," என்றேன்.

பின்னால் யாரோ ஒருவர் சொன்னார், எங்கட பக்கம் வரக்குள்ள எப்பவும் ஏதாவது முடிஞ்சு போகும். இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. தனத்தைத் தேடினேன். அவள் கத்தி எடுக்க உள்ளே போயிருந்தாள். கத்தி மேசையில்தான் இருந்தது.

பெருமாள் ஐயா அந்தக் கத்தியை எடுத்தார். கேக்கை வெட்டவில்லை. கத்தி நுனியைக் குளத்துக்குள் மெதுவாக இறக்கி, ஒரு பொட்டு நீலத்தை அள்ளினார். வாய்க்காலில் வைத்து இழுத்தார். மதகின்மேலால் இழுத்தார். என் வேஃபர்ச் சுவர் சரிந்தது. பலகையின் விளிம்பைத் தாண்டி, பிளாஸ்டிக் விரிப்பின் பூக்களுக்கு மேலாகத் தான் நின்ற இடம்வரை ஒரு நீலக் கோட்டை இழுத்துக்கொண்டு வந்தார். நீலம் போதவில்லை. நடுவில் ஒரு முறை திரும்பப் போய் அள்ளினார்.

"இந்தா, வந்துருச்சு," என்றார்.

சனம் கைதட்டியது. அவரும் சிரித்தார். பிறகுதான் கேக்கை வெட்டி முதல் துண்டை எனக்கு ஊட்டினார், செய்தவளுக்குத்தான் முதல் துண்டு என்று. வாயில் வைத்துக்கொண்டே நின்றேன். யார் வீட்டில் எந்தக் கேக் பிழையாய்ப் போனாலும் எனக்கு அழுகை வரும். அன்றைக்கு அழுகைகூட வரவில்லை, வெட்கம் மட்டும்தான் வந்தது.

வாங்கின் மறுகரை

திங்கட்கிழமை காலை டொக், டொக் கேட்டது. சோற்றுப் பெட்டியோடு வாசல் படலையடியில் நின்றேன். தனத்தின் சைக்கிள் நிற்காமல் போனது.

முன்பள்ளியில் கதைத்தாள். பிள்ளைகளின் பதிவுப் புத்தகம் எங்கே, சோக்கு முடிந்துவிட்டது, இவ்வளவுதான். மத்தியானம் அதே வாங்கில் மறுகரையில் இருந்து சாப்பிட்டாள். செவ்வாயும் அப்படித்தான், புதனும் அப்படித்தான். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போனால் ஐசிங் குழாய்களை எல்லாம் எடுத்துக் கழுவினேன். கழுவியவற்றையே திரும்பவும் கழுவினேன். அலுமாரியைப் பிரித்து அடுக்கினேன். கேக் ஒன்று பிழையாய்ப் போனால் இன்னொன்று செய்யலாம். பதினொரு வருடச் சிநேகிதம் போனால் இந்த வயதில் எங்கே போய்த் தேடுவது?

வியாழக்கிழமை பொறுக்க முடியாமல் அவளுக்குக் கிட்டப் போய் இருந்தேன்.

"நீ சனிக்கிழமையே கண்டனீதானே," என்றேன்.

"ஓம், கண்டனான்."

"அப்ப ஏன் சொல்லேல்லை? சொல்லியிருந்தா இரவோட இரவா மாத்தியிருப்பன்."

அவள் ரொட்டியைப் பெட்டிக்குள் வைத்தாள்.

"பதினொரு வருசமாச் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறன் வதனி."

சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். இந்த வாங்கில் இருந்துதான். எங்கட பக்கம் இன்னும் தண்ணி வரேல்லை என்பாள். இஞ்சயும் சரியான வெயில்தான் என்பேன். அப்பா இந்த முறையும் சிறுபோகம் விதைக்கேல்லை என்பாள். சம்பல் போடவா என்று கேட்பேன். மழை வரும் வராது என்று கதைப்பதைப் போல அதையும் கேட்டுக்கொண்டு சாப்பிட்டிருக்கிறேன். என் கணவரிடம் ஒரு நாளாவது சொல்லியிருந்தால்? ஒரு நாளும் சொல்லவில்லை. மறைக்கவில்லை. நினைவில் நிற்கவே இல்லை, அதுதான் அதைவிட மோசம்.

அந்த மாதக் கடைசியில், கோடை விதைப்புக்கான சிறுபோகக் கூட்டம் வரப்போகிறது, எந்தெந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் என்று அங்கேதான் எழுதுவார்கள் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பாவுக்கு இந்த முறை ஒரு கேக் வெட்டோணும் என்று அவள் ஏன் கேட்டாள் என்பதும். கடைசி வயல்வரை கேக்கில் வந்தால் செயலாளர் கண்ணிலும் அது படும் என்று நினைத்திருப்பாள்.

காலடிக் கணக்கு

வெள்ளிக்கிழமை பின்னேரம், கோழிக்குத் தீன் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். மதகைத் தாண்டினேன். சைக்கிளை ஒரு பாலை மரத்தடியில் சாத்திவிட்டு வாய்க்கால் கரையால் நடந்தேன்.

இந்த முறை பார்த்தேன். மதகுக்கு எங்கள் பக்கம் வாய்க்காலில் ஈரம் இருந்தது. அந்தப் பக்கம் முந்நூறு காலடியில் ஈரம் முடிந்தது. அதற்குப் பிறகு சீமெந்து வெடித்து, வெடிப்புக்குள் புல் முளைத்திருந்தது. ஓரிடத்தில் மண்மூடைகள் அடுக்கியிருந்தார்கள், வருகிற கொஞ்சத்தையாவது மறித்து வைக்க. மூடைகள் வெயிலில் கிழிந்து மண் கொட்டிக் கிடந்தது. கடைசி அரைக் கட்டை மட்டும் சீமெந்து இல்லாத மண் வாய்க்கால், நூல் பிடித்ததுபோல நேராகப் போனது. யார் வெட்டியது என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

அது முடிந்த இடத்தில் பெருமாள் ஐயாவின் வயல். அரிவி வெட்டிய நெல்லின் அடித்தாள் காய்ந்து கிடந்தது. ஒரு மூலையில் மட்டும், கிணற்றுத் தண்ணீர் எட்டுகிற அளவுக்குக் கச்சான் கடலை போட்டிருந்தார்கள்.

நான் காலடி அளந்தேன். எத்தனை காலடிக்கு எத்தனை அங்குலம் என்று விரலில் கணக்குப் போட்டேன். ஐயாவின் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. யாராவது கண்டால் என்ன சொல்வது என்று தெரியாமல் வேலியோரமாகக் குனிந்து திரும்பி வந்தேன். கோழித் தீன் வாங்க மறந்துவிட்டேன்.

இது எந்த இடம்?

சனிக்கிழமை இன்னொரு கேக் செய்தேன். நீளமான ஒற்றைப் பலகை. பிரிஜ்ஜுக்குள் போகாது என்று தெரியும், போகட்டும் என்று விட்டுவிட்டேன். தொடக்கத்தில் மதகு. அதிலிருந்து ஒரு நீலக் கோடு. முந்நூறு காலடிக்கு உரிய தூரத்தில் அதை மெலியவிட்டு நிறுத்தினேன். பிறகு பிஸ்கற்றுத் தூள். வெடிப்புகளை ஊசியால் கீறினேன். மண்மூடைக்கு மாவை உருட்டி வைத்தேன். கடைசி வயலுக்குக் காய்ந்த நெல்தாளின் நிறம், மூலையில் ஒரு பிடி பச்சை. கொக்கு இல்லை. மினுக்கம் இல்லை. என் வாழ்நாளில் செய்த கேக்குகளில் பார்க்க ஆசை வராத கேக் அது ஒன்றுதான்.

மத்தியானம் கணவர் வந்து கை கழுவிவிட்டுக் கதிரையை இழுத்தார். சோற்றுக்குப் பதில் மேசையில் கேக் இருந்தது.

"இதென்ன, ஆருக்கு?"

"உங்களுக்குத்தான். வெட்டுங்கோ."

அவர் குனிந்து பார்த்தார். அவர் விரலும் நீண்டது. மதகை உடனே அடையாளம் கண்டார், சிரித்தார். நீலத்தின் வழியே போனார். நீலம் முடிந்தது. விரல் அங்கும் இங்கும் அலைந்தது.

"இது எந்த இடம்?" என்று கேட்டார்.

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் போன சனிக்கிழமை நானும் இதே மேசையில்தானே நின்றேன்.

"மதகுக்கு அங்கால," என்றேன். "உங்கட பதிவுப் புத்தகத்தில இருக்கோணும். பாருங்கோ."

அவர் கத்தியை எடுக்கவில்லை. சோறு கேட்டார், போட்டேன். கேக்கைப் பக்கத்தில் தள்ளிவிட்டுச் சாப்பிட்டார். சாப்பிடும்போது நாலைந்து தரம் அந்தப் பக்கம் திரும்பினார். எறும்பு ஏறத் தொடங்கியிருந்தது. பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை. குளத்துப் பக்கம் திரும்பினால் சத்தம் தேய்ந்துவிடும். குசினி யன்னலடியில் கையில் துணியோடு நின்றேன்.

டொக், டொக்.

அந்தச் சிறுபோகம் தண்ணீர் போனதா என்று கேட்பீர்கள். கூட்டத்தில் சத்தம் வந்தது, கதிரை ஒன்றும் உடைந்தது. கடைசி வாய்க்கால் பெயரும் எழுதப்பட்டது. இரண்டு முறை தண்ணீர் போனது. மூன்றாவது முறை போகவில்லை. என் கணவர் இப்போதும் அதற்காக இரண்டு பக்கத்தாரிடமும் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். ஒரு கேக்கால் குளம் நிரம்பாது.

ஆனால் நான் சொல்ல வந்தது கூட்டத்துக்கு முந்திய திங்கட்கிழமையைப் பற்றி. காலையில் சைக்கிள் சத்தம் கேட்டு, பழக்கத்தில் படலைக்குப் போனேன். நிற்காது என்று நினைத்தேன். நின்றது. தனம் ஒரு காலை நிலத்தில் ஊன்றியிருந்தாள்.

"உன்ர ஆள் சனிக்கிழமை வந்தவர்," என்றாள். "அப்பா கதிரை போட்டவர். இருக்கேல்லை. வரம்பிலயே நிண்டவர்."

"என்ன கதைச்சவை?"

"பெரிசா ஒண்டுமில்லை. அப்பா கையை நீட்டிக் காட்டினவர். இவர் பாத்துக்கொண்டு நிண்டவர்."

நான் சோற்றுப் பெட்டியை அவள் கூடைக்குள் வைத்தேன். அவள் தடுக்கவில்லை. சைக்கிளை மிதிக்கப் போனவள் திரும்பினாள்.

"வெள்ளிக்கிழமை நீ வந்து காலடி அளந்ததையும் அப்பா கண்டவர். அந்த டீச்சர் வேலியோட ஒளிஞ்சு ஒளிஞ்சு போறா, கூப்பிட்டா வெக்கப்படுவா எண்டு உள்ளுக்கே இருந்திட்டார். தண்ணி விடாய்ச்சிருக்கும், ஒரு செம்பு தண்ணியும் குடுக்கேல்லை எண்டு இரவு முழுக்கப் புலம்பல்."

எனக்கு வந்த அழுகையை இந்த முறை நான் மறைக்கவில்லை. தனம் கூடைக்குள் சோற்றுப் பெட்டியைச் சரிசெய்து வைத்தாள்.

"அடுத்த முறை வீட்டை வா," என்றாள். "கேக் கொண்டு வராத."